சுழல் நாற்காலியில் மூன்று ஆண்டு நான்கு மாதம்

சவூதியின் தம்மாமிலிருந்து நான் துபாய்க்கு வந்தது 2003 அக்டோபர் மூன்றாம் வாரம், நோன்பு பிறப்பதற்குச் சில நாள் முன்பு. வந்த அன்று மாலையே என்னை ஒரு சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கறுப்புத் தோல் உறை, உயரமான சாய்மானம், வலது கைப்பிடியில் மட்டும் தையல் பிரிந்திருந்தது. அந்த நாற்காலிக்கு உரியவர் அதே ஆண்டு ஜூனில் நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்தார்.

கடை தேராவில், கிரீக் என்ற கடற்கழியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. போர்வை, துவாலை, படுக்கை விரிப்பு, எல்லாம் மொத்த வியாபாரம். இறந்துபோன முதலாளி எங்கள் ஊர்க்காரர், கீழக்கரைக்குப் பக்கம். அவருக்கு மகன் இல்லை, மூன்று பெண்கள். அவருடைய மனைவியை ஊரில் எல்லோரும் லாத்தா, அதாவது அக்கா, என்போம். லாத்தாவின் தம்பிதான் கடையை நடத்தினார். கடையில் வேலை செய்தவர்கள் அவரை மாமா என்று அழைத்தார்கள். முதலாளியின் பெண்களுக்கு மாமா என்பதால் எல்லோருக்கும் மாமா. நானும் அப்படியே அழைத்தேன்.

மாமா இருக்கும்போது நான் எதற்கு? காரணம் எளிது. மாமாவின் விசா வேறொரு கடையின் பெயரில் இருந்தது. அந்தக் கடைக்காரர் அவரை மாற்றிக்கொள்ள விடவில்லை. ஆகவே இந்தக் கடையின் லைசென்ஸில் மாமாவின் பெயரைப் போட முடியாது. காகிதத்தில் கடை அர்பாபுடையது, அதாவது எங்களுக்கு ஸ்பான்சராக இருந்த உள்ளூர் அரபுக்காரருடையது. காகிதத்தில் இரண்டாவது பெயர் மேனேஜருடையது. மூன்றாவது பெயர் கிடையாது. முதலாளி உயிரோடிருந்தவரை அந்த இரண்டாவது பெயர் அவருடையதாக இருந்தது. கடை அவருடையது என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அதுதான், மீதியெல்லாம் வாய்ப்பேச்சு. அவர் போனபின் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. லாத்தா என் பெயரைச் சொன்னார். பி.காம். படித்தவன், இங்கிலீஷில் கடிதம் எழுதுவான், யாரோடும் சண்டைக்குப் போகாதவன். மூன்றாவது தகுதிக்காகத்தான் எடுத்தார்கள் என்று புரிய எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குள் நான் சுழல் நாற்காலியில். தடுப்புக்கு வெளியே, போர்வைப் பொதிகளுக்கு நடுவில், ஒரு முக்காலியில் மாமா. வெளியாள் வந்தால் என்னை 'சார்' என்பார். ஆள் போனதும் 'தம்பி' ஆகிவிடுவேன். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வியாபாரிகள் நேராக என் அறைக்குள் வந்து, "பாஸ், லாஸ்ட் பிரைஸ்" என்பார்கள். நான் கண்ணாடி வழியாக மாமாவைப் பார்ப்பேன். மாமா இடது காதைச் சொறிந்தால் இன்னும் குறைக்கலாம். தொப்பியைச் சரிசெய்தால் அதோடு நிறுத்த வேண்டும். ஒருநாள் அவருக்கு உண்மையாகவே காதில் அரிப்பு. நான் குறைத்துக்கொண்டே போனேன். வியாபாரி மகிழ்ச்சியில் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மாமா உள்ளே வந்தார். "என்னா தம்பி, கடைய தர்மத்துக்கு எழுதி வச்சுட்டீங்களா?"

"நீங்கதானே மாமா காதச் சொறிஞ்சீங்க."

"எறும்பு கடிச்சாச் சொறியாம வேற என்ன செய்றது? ஒங்ககிட்ட பெர்மிஷன் லெட்டர் வாங்கிட்டுச் சொறியவா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சுவாஹிலியிலும் பார்ஸியிலும் சோமாலியிலும் போர்வையின் எடையும் நிறமும் சொல்லத் தெரிந்தவர். எந்தப் பொதி எந்த லாஞ்சுக் கப்பலில் எந்தக் கிழமை போயிற்று என்று பார்க்காமல் சொல்வார். கடையை முதலாளியைவிட நன்றாக நடத்தினார் என்று பழைய ஆட்களே சொன்னார்கள்.

நாள் குறிப்பது என் பழக்கம். தம்மாமில் கன்டெய்னர் யார்டில் கிளார்க்காக இருந்தபோதே ஒவ்வொரு நாளும் மூன்று வரி டைரியில் எழுதுவேன். இந்த நினைவுகளையும் அந்த டைரிகளைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பெயர் எதையும் எழுதவில்லை. உயிரோடிருப்பவர்களுக்கு அது தேவையில்லை.

தம்மாம் டைரியில் ஒரு நாளின் வரி மட்டும் பாதியில் நிற்கிறது. 2002 செப்டம்பரில் எனக்கு முதல் பெண் பிறந்தாள். பிறந்த குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்வது எங்கள் வழக்கம். குழந்தை இவ்வுலகில் கேட்கும் முதல் வார்த்தைகள் அவை. தகப்பன் இருந்தால் தகப்பன் சொல்வான். அன்று நான் யார்டில் சீல் நம்பர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் சொன்னார். நான் என் மகளை முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம். துபாய் வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு பெருநாளுக்கென்று பத்து நாள் போனபோது பார்த்தேன். என்னைக் கண்டு பயந்து அழுதாள்.

2006 மே மாதம் இருபது நாள் லீவு கிடைத்தது. ஜூலையில் என் மனைவி தொலைபேசியில் செய்தி சொன்னாள். டாக்டர் சொன்ன தேதி பிப்ரவரி பதினொன்று.

"மச்சான், இந்தப் புள்ளைக்காவது நீங்கதான் பாங்கு சொல்லணும்" என்றாள். "எங்க வாப்பா சொன்னா ஒண்ணும் கொறையில்ல. ஆனா பெரியவ கேக்குறா, எனக்கு யாரு சொன்னாகன்னு. அப்பா சொன்னாகன்னா, ஏன் வாப்பா சொல்லலன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

எங்கள் பேச்சில் வாப்பா என்றால் தகப்பன், அப்பா என்றால் தாத்தா. நான் வருகிறேன் என்று சொன்னேன். டைரியில் அன்று இரண்டே சொல்: 'பிப்ரவரி. நிச்சயம்.'

ஜப்பானைப் பற்றிய ஒரு புத்தகம் என் கைக்கு வந்தது அந்த ஆண்டு செப்டம்பரில். அரசு அலுவலகங்களின் வார விடுமுறை வியாழனிலிருந்து சனிக்கு மாறிய மாதம் அது. எந்த அலுவலகம் எந்த நாள் மூடியிருக்கும் என்று தெரியாமல் ஊரே தடுமாறிக்கொண்டிருந்தது. கராமா பகுதியில் பழைய புத்தகம் விற்கும் கடையில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம், முன்பக்கங்கள் கிழிந்து, யார் எழுதியது என்றே தெரியாமல் கிடந்தது. ஜப்பானின் இடைக்கால வரலாறு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து ரூமில் எல்லோரும் உறங்கும்போது அதைப் படித்தேன். டைரியின் கடைசிப் பக்கங்களில் ஆண்டு வாரியாக அட்டவணை போட்டேன்.

காமகுரா என்ற ஊரில் படைத்தலைவர்களின் அரசாங்கம் ஒன்று இருந்தது. ஷோகன் என்பவர் அதன் தலைவர். முதல் ஷோகன் இறந்ததும் அவருடைய மனைவியின் பிறந்தவீட்டார் மெல்ல மெல்ல ஆட்சியைக் கையில் எடுத்தார்கள். மனைவியின் தகப்பன், பிறகு தம்பி. அவர்களுக்கு ஷிக்கென் என்று பட்டம். ஷோகனுக்குத் துணையாக நின்று காரியம் நடத்துபவர் என்று பொருள் கொள்ளலாம். 1219இல் மூன்றாவது ஷோகன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு அந்த வமிசம் அற்றது. ஷிக்கென் தானே அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பேரரசர் இருந்த தலைநகரத்தின் பிரபுக் குடும்பம் ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். குழந்தை வளர்ந்தது. வளர்ந்த ஷோகனுக்குச் சொந்தப் புத்தி வந்தது. 1244இல் அவரை இறக்கிவிட்டு அவருடைய சிறு மகனை உட்காரவைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, இறக்கப்பட்ட தகப்பனைத் தலைநகரத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1252இல் அந்த மகனையும் அனுப்பிவிட்டு ஓர் அரச குமாரனை வரவழைத்தார்கள். 1266இல் அவரும் போனார். 1289இல் அவருடைய மகன். அந்த மகனை ஏற்றிய பல்லக்கைப் பின்புறம் முன்னாகத் திருப்பிவைத்துச் சுமந்தார்கள் என்று ஒரு கதை உண்டாம், குற்றவாளியைக் கொண்டுபோவதுபோல.

ஷிக்கென்கள் நல்ல நிர்வாகிகள் என்றும் புத்தகம் சொன்னது. வழக்குகளைப் பொறுமையாகக் கேட்டார்கள், சட்டம் எழுதினார்கள். எனக்கு மாமா நினைவு வந்தது. பிற்காலத்தில் ஷிக்கெனும் பொம்மையாகிவிட்டாராம்; அந்தக் குடும்பத்தின் தலைவர், பதவியைத் துறந்து வீட்டில் இருந்தபடியே, ஷிக்கெனை ஆட்டுவித்தார். அதற்கும் பிறகு, அந்தத் தலைவரையே அவர் வீட்டுக் காரியஸ்தர் ஆட்டுவித்தார். யார் யாரை ஆள்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டு வரைந்தேன். ஒரு பக்கம் போதவில்லை.

நவம்பர் கடைசி வாரம் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி எட்டிலிருந்து பதினைந்து நாள். மாமாவுக்குக் காகிதம் பிடிக்கும். வாயால் கேட்டால் மறந்துவிட்டேன் என்பார். எழுதிய விண்ணப்பத்தை அவர் முக்காலியில் வைத்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முறையா பதில் வரும் தம்பி" என்றார்.

பதில் நான்கு நாளில் வந்தது. கடையின் லெட்டர்ஹெட்டில், முறையான இங்கிலீஷில். தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, பிப்ரவரி பதினைந்தில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம். கீழே வட்ட முத்திரை. முத்திரையின் மேல் மேனேஜரின் கையெழுத்து.

என் கையெழுத்து.

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் மாதிரிக் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. கார்கோ ஆபீஸ், லாஞ்சு ஏஜென்ட், துறைமுகம் என்று எங்கு போனாலும் லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்பார்கள். கீழே மேனேஜர் கையெழுத்து வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மேனேஜரைத் தேட முடியாது. எனவே வியாழக்கிழமை தோறும் லெட்டர்ஹெட்டின் இருபது வெற்றுத் தாள்களில் நான் கையெழுத்துப் போட்டு என் மேசை இழுப்பறையில் வைப்பேன். மாமா தேவைப்படும்போது ஒன்றை எடுத்துப் பக்கத்து டைப்பிங் சென்டரில் அடித்து, தன் பையிலிருந்த முத்திரையைக் குத்திக்கொள்வார். மூன்று ஆண்டாக நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே வேலை செய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அண்ணை என்பார். கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன்.

"இது நான் அடிச்சதுதான் அண்ணை" என்றார். "உங்கட மாமா வந்து நிண்டு சொன்னவர். கீழ உங்கட கையெழுத்து இருந்தபடியா நீங்கள் சொல்லி அனுப்பினது எண்டு நினைச்சன்."

"யாருக்கு லீவு இல்லன்னு எழுதிருக்குன்னு பாத்தீங்களா?"

மேலே இருந்த பெயரைப் பார்த்தார். கீழே இருந்த பெயரைப் பார்த்தார். இரண்டையும் விரலால் தொட்டார். "அப்ப நீங்கள்தான் உங்களுக்கு லீவு இல்லையெண்டு எழுதியிருக்கிறியள்! பொல்லாத மேனேஜர் அண்ணை நீங்கள். இரக்கமே இல்லை."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் உடனே ஒரு தாளைச் செருகி, "இருங்கோ, லீவு குடுக்கச் சொல்லி இன்னொண்டு அடிச்சுத் தாறன். நீங்களே கையெழுத்து வையுங்கோவன். மேனேஜர்தானே" என்றார்.

"முத்திரை?"

அவர் தாளை வெளியே எடுத்துவிட்டார்.

காமகுராவின் ஆணைகளில் கடைசி வரி எப்போதும் ஒன்றுபோல இருக்குமாம்: எசமானின் சித்தப்படி இது அறிவிக்கப்படுகிறது. கையெழுத்திடுவது ஷிக்கென். அதாவது சித்தம் ஷோகனுடையது என்று பெயர், கை மட்டும் வேறொருவருடையது. என் விஷயம் அதற்கு நேர் மாறாக இருந்தது. கை என்னுடையது. அன்றைய டைரியில் இந்த வேறுபாட்டை மிகக் கவனமாக எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால், இவ்வளவு துல்லியமாக எழுதியவன் வேறு ஏதாவது செய்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

டிசம்பரில் அர்பாப் வந்தார். ஆண்டுக்கு இரண்டு முறை வருவார்; பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் வைப்போம். அவர் நாற்காலியில் உட்கார மாட்டார், கண்ணாடித் தடுப்பில் சாய்ந்து நின்று எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார். மாமா பேரீச்சம்பழத் தட்டை எடுக்கப் போன நேரம் பார்த்து, எனக்குத் தெரிந்த இந்தியில், பதினைந்து நாள் சுட்டி, அதாவது லீவு, வேண்டும் என்று கேட்டேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார். "சுட்டி? தும் முதீர் ஹை!"

முதீர் என்றால் அரபியில் மேனேஜர். ஆமாம் அர்பாப், ஆனாலும் சுட்டி வேண்டும் என்றேன்.

"முதீர் கோ கௌன் சுட்டி தேகா?" என்று கேட்டு, பதிலையும் அவரே சொன்னார். சுட்டுவிரலை என் நெஞ்சில் வைத்து, "முதீர்!" மேனேஜருக்கு லீவு கொடுக்க வேண்டியவர் மேனேஜர். இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது? அவருக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. மாமா தட்டோடு வந்ததும் அவரிடமும் சொல்லிச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். "மாஃபி முஷ்கில், யல்லா", பிரச்சினை ஒன்றுமில்லை, வருகிறேன் என்று அர்பாப் வண்டியேறினார்.

வண்டி திரும்பும்வரை கையசைத்துவிட்டு மாமா என்னிடம் சொன்னார்: "மேல போய்ச் சொல்லிப் பாத்தீங்களாக்கும். மேல ஒண்ணுமில்ல தம்பி. வானந்தான் இருக்கு."

என் பாஸ்போர்ட் மாமாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அதுவும் எல்லாக் கடையிலும் இருந்த வழக்கம். டிசம்பர் முடிந்தது. ஜனவரியில் என் மனைவி ஒவ்வொரு அழைப்பிலும், "டிக்கெட் எடுத்தாச்சா மச்சான்?" என்பாள். எடுக்கப்போகிறேன் என்பேன். பெரியவள் போனை வாங்கி, "வாப்பா, பாங்கு மனப்பாடமா இருக்கா?" என்று கேட்பாள். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் கேட்பதுதானே என்றாலும், ஆபீஸ் அறையில் தனியாக இருக்கும்போது நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மேனேஜர் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்திருக்கும்.

பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. ஜனவரி கடைசியில் மாமாவின் விசா இருந்த அந்த இன்னொரு கடை மூடப்பட்டது. அந்தக் கடைக்காரர் மாமாவை விட்டுவிட்டார். அது எனக்கு அப்போது தெரியாது. பிப்ரவரி ஆறாம் தேதி காலை மாமா என் அறைக்குள் வந்து, என் மேசையில் என் பாஸ்போர்ட்டை வைத்தார். அதனுள் ஒரு டிக்கெட். பிப்ரவரி பத்து, சனிக்கிழமை மாலை, திருச்சி.

"போயிட்டு வாங்க தம்பி. புள்ள பொறக்குற நேரம் தகப்பன் பக்கத்துல இருக்கணும்ல. நாம என்ன காட்டுமிராண்டிகளா?"

"லைசென்ஸ் புதுப்பிக்கணுமே மாமா?"

"அத நான் பாத்துக்கிறேன். பதினஞ்சு நாளில்ல, ஒரு மாசம் இருந்துட்டு வாங்க. பெரிய போர்வையா ரெண்டு கட்டி வைக்கச் சொல்லிருக்கேன். புள்ளைக்கு."

பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் யாரிடமோ கத்திச் சொல்வது கேட்டது. பெரியவள் குதிப்பதும் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை லாத்தாவிடமிருந்து போன் வந்தது. அவர் என் கைப்பேசிக்கு அழைத்தது அதுதான் முதல் தடவை. வாரந்தோறும் தம்பியிடம்தான் பேசுவார்.

"தம்பி, நாளைக்கு வாறீங்களாம்ல. உங்க வீட்ல சொல்லுச்சு. சந்தோஷம்." பிறகு கேட்டார்: "ஒங்களுக்கு வெவரம் தெரியுமா? என் தம்பிக்கு விசா மாறிப்போச்சு. லைசென்ஸ் புதுப்பிக்கிறப்ப மேனேஜர் பேர மாத்திருவான்."

"அவுக உங்க கூடப்பிறந்த தம்பி லாத்தா."

"ஆமா. அதுனாலதான் எனக்குத் தெரியும். மூணு பொம்பளப் புள்ளைக. அவுக வாப்பா பேருக்கு அப்புறம் அந்தக் காயிதத்துல இருந்தது ஒங்க பேருதான். ஒங்கள எதுக்கு அங்கிட்டு வரவச்சேன்னு நெனக்கிறீங்க? நீங்க வியாபாரம் பண்ணுவீங்கன்னா? நீங்க அங்க ஒக்காந்திருக்குற வரைக்கும் அவன் அங்க ஒக்கார முடியாது. அதுக்குத்தான்."

ஜப்பான் புத்தகத்தில் எனக்குப் புரியாமலிருந்த கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு வலிமையுள்ளவர்கள் ஏன் அந்த இருக்கையில் தாங்களே உட்காரவில்லை? ஏன் குழந்தைகளைத் தேடித் தூக்கிவந்தார்கள்? புத்தகம் சொன்ன காரணம், சமமான மற்றக் குடும்பங்கள் ஒப்புக்கொள்ளாது என்பது. இருக்கையில் ஒருவர் இருப்பது ஆள்வதற்காக அல்ல. இன்னொருவர் உட்காராமல் இருப்பதற்காக. அதை நான் அட்டவணையில் ஒரு வரியாக எழுதியும் வைத்திருந்தேன். அது என்னைப் பற்றியது என்று ஓர் அம்மாள் கீழக்கரைப் பக்கத்திலிருந்து போன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் என்ன செய்யணும் லாத்தா?" என்று கேட்டேன்.

"போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நானும் மூணு பெத்தவ. மூணுக்கும் அவுக வாப்பா பக்கத்துல இல்ல." பிறகு சொன்னார்: "போறதுன்னா போங்க. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டு வச்ச தாளு இருக்குமாமே, அதக் கிழிச்சுட்டுப் போங்க. ஒங்க கையெழுத்துல ராஜினாமா இல்லாம அவனால பேர மாத்த முடியாது. நீங்க திரும்பி வந்து பேசிக்கலாம்."

அன்று மதியம் கடை மூடியிருந்தது. சாவி என்னிடமும் ஒன்று உண்டு, மேனேஜர் அல்லவா. புத்தகத்தையும் டைரியையும் எடுத்து வருவதாக எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். போர்வைப் பொதிகளின் நாப்தலீன் வாடை. மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன். எண்ணிப் பார்த்தேன். கிளம்பும் அவசரத்தில் நேற்று நான் புதிதாகப் போடவில்லை; போன வாரத்து இருபதில் மீதி பதினொரு தாள்.

இப்போதும் அந்தக் கணக்கைத் தவறாமல் சொல்ல முடிகிறது. கிழித்தால் சனிக்கிழமை காலை எட்டரைக்கு மாமா இழுப்பறையைத் திறப்பார். தாள் இல்லை என்று பார்ப்பார். விமானம் மாலை ஐந்தேகாலுக்கு. இடையில் எட்டே முக்கால் மணி நேரம். விசா கடையுடையது, மாமா அர்பாபுக்கு ஒரு போன் போட்டால் போதும், நான் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. அல்லது அவர் போன் போடாமலும் இருக்கலாம். காலை ரூமுக்கு வந்து, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் தம்பி என்று கையை நீட்டினால் போதும்; நான் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தாள்களை ரூமுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டாலும் இதே கதைதான். பகலெல்லாம் கடை திறந்திருக்கும்போது விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

பதினொரு தாளையும் கையில் வைத்துக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று டைரியில் இல்லை. பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. அப்போது தாள்களை முனை தட்டி ஒழுங்காக அடுக்கி, இழுப்பறையில் இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். அவை கலைந்திருக்கக் கூடாது என்று கவனம் எடுத்துக்கொண்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சனிக்கிழமை மாமாவே வண்டியெடுத்து வந்து விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். போர்வைக் கட்டை டிராலியில் தூக்கி வைத்து, "துஆச் செய்யுங்க தம்பி" என்று தனக்காகப் பிரார்த்திக்கச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

குழந்தை பிப்ரவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை காலை பிறந்தது. இரண்டாவதும் பெண். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். என் மாமனார் தள்ளி நின்றுகொண்டார். நான் வலது காதருகே குனிந்து பாங்கு சொன்னேன். குழந்தை கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடுகிறேனா என்று சரிபார்த்தாள்.

பிப்ரவரி இருபதாம் தேதி யாழ்ப்பாணத்து நண்பர் அழைத்தார். "அண்ணை, நான் அடிக்கேல்லை. சத்தியமா. என்னட்டைக் கொண்டு வந்தவர், நான் மாட்டன் எண்டுட்டன். வேற இடத்தில செய்விச்சிருக்கினம்." லைசென்ஸில் பெயர் மாறிவிட்டது. சொந்தக் காரணங்களுக்காக மேனேஜர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேனாம். என் விசாவையும் ரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "நீங்க ஊர்லயே நிம்மதியா இருங்க தம்பி. ஒங்களுக்கு அங்க மூச்சு முட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அது உண்மைதான். போனை வைத்தேன்.

லாத்தா குழந்தை பார்க்க வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மார்ச் முதல் வாரம் ஒருநாள் மதியம் வந்தார். சீனியும் ஒரு சின்னச் சட்டையும் கொண்டுவந்தார். என் மனைவிக்கு நடந்தது பாதிதான் தெரியும். தேநீர் போடப் போனாள். லாத்தா குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். நான் எதிரே நின்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"பாங்கு நீங்களே சொன்னீங்களா?"

"ஆமா லாத்தா."

"நல்லது" என்றார். தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அதற்கான பதிலைப் பல நாளாகத் தயாரித்து வைத்திருந்தேன், எட்டே முக்கால் மணி நேரக் கணக்கு உட்பட. அவர் குழந்தையின் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் குடித்து முடித்தபின் சொன்னார்: "தம்பி, மூத்தவள டீச்சர் ட்ரெயினிங்ல சேக்கணும். படிச்சு வேலைக்குப் போறேங்குறா. இனி அதுதானே வழி. ஒங்களுக்கு இங்கிலீஷ் நல்லா எழுத வரும். ஒரு விண்ணப்பம் எழுதித் தாங்க."

உடனே எழுதினேன். அடித்தல் இல்லாமல் இரண்டாவது தடவை பிரதியெடுத்தேன். தாளை அவரிடம் நீட்டி, கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் புள்ளியிட்டுக் காட்டினேன். யார் போட வேண்டும், பாதுகாவலரா, பெண்ணா என்று அவர் கேட்டார். பெண் போட்டால் போதும் என்றேன்.

"அப்பச் சரி. அவ படிச்சுப் பாத்துட்டுப் போடுவா" என்று தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு எழுந்தார்.